கேட்டால் சொல்வார்

பெரியப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். ஒன்றேகால் கூடக் கிடைக்காது. மணி என்ன என்று கேட்டால் மணி சொல்வார். உன் பஸ் போய்விட்டது என்று சொல்ல மாட்டார். அது நாம் கேட்காதது.

அவர் அப்பாவின் அண்ணன். டெல்லியில் லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில், முதல் மாடியில், தனியாக இருந்தார். அப்பா இறந்த இரண்டாம் வருஷம் எனக்கு டெல்லியில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்தது. பாளையங்கோட்டையிலிருந்து அம்மா அவருக்கு ஒரு கார்டு போட்டாள். 'பிள்ளை உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கலாமா?' பத்து நாளில் பதில் வந்தது. 'படிக்கலாம்.' கீழே கையெழுத்து. கார்டின் மீதி இடமெல்லாம் காலி. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தான் மனசில்லாம எழுதியிருக்காரோ?" பெரியப்பாவை அம்மா அத்தான் என்றுதான் சொல்வாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் ரயில் ஏறினேன். வேறு வழியில்லை.

முதல் குளிர்காலத்தில், ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த ஜமுக்காளத்தையும் அம்மாவின் பழைய புடவைகளையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு பத்து நாள் பல்லைக் கடித்தேன். பதினோராம் நாள் காலையில் கேட்டேன்.

"பெரியப்பா, வேற ரஜாய் ஏதும் இருக்கா?"

"இருக்கு."

உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து எடுத்து வந்தார். புத்தம் புது ரஜாய், பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வை, சிவப்பில் பூப்போட்டது. கடைக்காரன் கட்டிய சணல் கயிறு கூட அவிழ்க்கவில்லை. நான் வருவதற்கு முன்பே எனக்கென்று வாங்கி வைத்திருக்கிறார்.

"இத்தனை நாள் ஏன் தரல?"

"நீ கேக்கலையே."

அவர் முகத்தில் கேலியும் இல்லை, குற்றம் சொல்வதும் இல்லை. கேட்காமல் ஒன்றைச் சொல்வதும், கேட்காமல் ஒன்றைக் கொடுப்பதும், கதவைத் தட்டாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி என்று அவர் நினைத்தார் போல. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அன்றைக்கு வந்தது கோபம்தான்.

அவர் பார்த்த வேலையும் அப்படி. ஓர் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். பார்லிமெண்டில் உறுப்பினர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தயாரித்துக் கொடுக்கிற பிரிவு. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கேள்வி வரும், மந்திரி மாட்டிக்கொள்வார். அதனால் சுருக்கமாக, சரியாக, அதற்கு மேல் ஒன்றுமில்லாமல் எழுத வேண்டும். 'அ. ஆம். ஆ. கேள்வி எழவில்லை.' வேலை அவரை அப்படி ஆக்கியதா, அவருக்கேற்ற வேலை அவரைத் தேடி வந்ததா, தெரியாது. வீட்டிலும் அந்தப் பேச்சு வந்துவிடும். ஒரு நாள் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"கடைசியா ஊருக்கு எப்ப வந்தீங்க பெரியப்பா?"

"தம்பி காரியத்துக்கு."

"இனிமே எப்ப வருவீங்க?"

"கேள்வி எழலை."

தம்பி என்றது என் அப்பாவை.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்பா இருந்தவரை ஒவ்வொரு கடிதத்திலும் 'கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கூடாதா?' என்று எழுதுவார். 'அந்த எண்ணம் இல்லை' என்று ஒரு வரி வரும். சொந்தக்காரர்கள் அவருக்கு 'டெல்லிச் சாமியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒன்பது மணிக்குக் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, துணிப்பையுடன் வெளியே போவார். போகிற வழியில் கொய்யாவோ ஆரஞ்சோ வாங்குவார் என்பது பையில் ஒட்டியிருக்கும் இலைத் துணுக்கில் தெரியும். மாலையில் வெறும் பையோடு திரும்புவார். இரண்டு வருஷத்தில் நூறு ஞாயிற்றுக்கிழமையாவது இருக்கும். எங்கே போகிறீர்கள் என்று நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. உண்மையைச் சொல்வதென்றால், ஒரு நாளாவது வீடு எனக்கே எனக்கென்று கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

படிப்பு முடியும் சமயத்தில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆராய்ச்சிக்கு இடம் உண்டு, கட்டணம் கிடையாது. ஆனால் முதல் வருஷம் தங்கவும் சாப்பிடவும் ஆகும் செலவுக்குக் குடும்பத்தில் ஒருவர் பொறுப்பேற்றுப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அது இருந்தால்தான் விசா. குடும்பம் என்றால் எனக்கு அம்மா. அம்மாவுக்கு அப்பாவின் பென்ஷன்தான்.

மூன்று நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு நாலாம் நாள் கேட்டேன்.

"பெரியப்பா, எனக்கு நீங்க ஸ்பான்சர் பண்ணுவீங்களா?"

"பண்ணுதேன்."

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எவ்வளவு, எத்தனை நாள், திருப்பித் தருவாயா, ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் அசடு மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார். வெளியே மரத்தடியில் டைப்பிஸ்டுகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் தூதரகம் கொடுத்த பாரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்துக்கொண்டே வந்தார். பெயர், வயது, உத்தியோகம், மாணவிக்கு என்ன உறவு. கல்யாணமானவரா என்று அந்தப் பாரத்தில் கேள்வி இல்லை.

"உங்களை நம்பி இருப்பவர்கள் எத்தனை பேர்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"ஒருத்தர்."

என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"என்ன உறவு?"

"ஃபாதர் இன் லா."

மெஷின் நின்றது. டைப்பிஸ்ட் தலையைத் தூக்கினார்.

"சாஹப், பீவி?"

"நஹீன் ஹை."

"பெண்டாட்டி இல்லை, மாமனார் மட்டும் இருக்காரா?" என்று அவர் ஹிந்தியில் கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்து மெஷின்காரரும் சிரித்தார். பிறகு நல்ல மனுஷராக, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: யாருமில்லை என்று போட்டுவிடலாம், அப்போதுதான் உங்கள் பணம் முழுக்க இந்தப் பெண்ணுக்கென்று ஆகும், காரியம் ஜல்தி நடக்கும்.

"கேட்டிருக்காங்க," என்றார் பெரியப்பா. "எழுதுங்க."

எழுதினார். நோட்டரி முத்திரை குத்தினார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். என் மடியில் பத்திரம் இருந்தது. மாமனார் என்ற அந்த வார்த்தை ஆங்கிலத்தில், நடுவில் சிறு கோடுகளோடு, அதில் இருந்தது. பெரியப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஏதோ கணக்குச் சரிக்கட்ட எழுதியிருக்கிறார், அல்லது கேட்டால் மனம் மாறிவிடுவார், என்னவோ ஒன்று என்று விட்டுவிட்டேன். எனக்குக் காரியம் நடந்தால் போதும் என்றிருந்தது. கேட்கவில்லை.

சாணக்யபுரியில் தூதரகத்தில் என்னை விசாரித்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி. பொறுமையாகத்தான் பேசினார். உங்கள் பெரியப்பாவுக்கு மனைவி உண்டா என்றார். கல்யாணமே ஆகவில்லை என்றேன்.

"அப்படியானால் இந்த மாமனார்?"

"தெரியாது."

"அவர் வீட்டில் எத்தனை நாளாக இருக்கிறீர்கள்?"

"இரண்டு வருஷம்."

அவர் பேனாவை வைத்தார். "இரண்டு வருஷம் கூட இருந்தும் இவரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்படிப்பட்டவர் உங்களுக்காகத் தன் சேமிப்பையெல்லாம் செலவழிப்பார் என்று நான் எப்படி நம்புவது?" என்றார். தெரிந்துகொண்டு, தகுந்த காகிதங்களோடு மறுபடி வரச் சொன்னார்.

அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடந்தே வீடு வந்து சேர்வதற்குள் எல்லாத் தப்பும் பெரியப்பாவுடையதாகிவிட்டது. அவர் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தேன்.

"கிடைக்கல. உங்களாலதான் கிடைக்கல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் இன்னும் எதுவும் கேட்கவில்லையே. காத்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். "யாரு?"

"எங்க ஆபீஸ்ல டைப்பிஸ்ட். கம்லேஷ்னு பேரு. லாகூர்லேர்ந்து அகதியா வந்தவங்க."

"இப்ப எங்க?"

"இல்ல. டைஃபாய்டு வந்து போயிட்டா."

"எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"பதினோரு மாசம்."

"இந்த வீட்டுலயா?"

"இல்ல. அவ அப்பா வீட்டுல, லாஜ்பத் நகர்ல. கல்யாணமான கையோட குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டேன். அவ போன அடுத்த வருஷம் கிடைச்சுது."

நான் அந்த இரண்டு அறைகளையும் பார்த்தேன். அப்புறம்தான் கேட்டேன், கொஞ்சம் மெதுவாக.

"ஏன் பெரியப்பா யாருகிட்டயும் சொல்லல?"

செருப்பைச் சுவரோரமாக நேராக வைத்தார்.

"நேர்ல கூட்டிட்டு வந்து காட்டிச் சொல்லணும்னு இருந்தேன். லீவு கேட்டிருந்தேன். லீவு சாங்ஷன் ஆகுறதுக்குள்ள அவ இல்ல. இல்லாதவளப் பத்தி ஊருக்கு என்னன்னு எழுத? எழுதினா, கல்யாணத்தையும் சாவையும் ஒரே கார்டுல எழுதணும்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். லாஜ்பத் நகரில், அகதிகளுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. ஒரே அறை, முன்னால் ஒரு முற்றம். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த கிழவர் எங்களைப் பார்த்ததுமே கேட்கத் தொடங்கிவிட்டார். யார் இது, தம்பி மகளா, என்ன படிக்கிறாள், பஸ் நெரிசலா, ஏன் பத்து நிமிஷம் லேட், பல்வலி எப்படி இருக்கிறது, போன வாரம் பார்லிமெண்டில் என்ன, மேலதிகாரி இன்னும் கத்துகிறானா, சாயங்காலம் நடக்கிறாயா, பாலுக்குச் சர்க்கரை போட்டுக்கொள்கிறாயா? பெரியப்பா கொய்யாவை நறுக்கிக்கொண்டே பஞ்சாபியில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பல்வலி! அவருக்குப் பல்வலி இருந்ததே எனக்குத் தெரியாது. மேலதிகாரி கத்துவது மாதிரி கையை ஆட்டிக் காட்டினார். கிழவர் சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார், வாய் திறந்து. அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன்.

கிழவர் என் பக்கம் திரும்பினார். "மகளே, வீட்டில் இவன் பேசுவானா?"

எனக்குத் தெரிந்த ஹிந்தியில், "கேட்டால் பேசுவார்," என்றேன்.

"அப்போ கேளு," என்றார், மிகச் சாதாரணமாக.

கிழவருக்கு வேறு யாருமில்லை. மனைவியும் மகனும் பிரிவினையின்போதே போய்விட்டார்கள். மகளும் போன பிறகு மருமகனிடம், நீ உன் ஊர்ப் பெண்ணாகப் பார்த்து இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று எத்தனையோ தடவை சொன்னாராம். அந்த எண்ணம் இல்லை என்றாராம். எங்களுக்கு எழுதிய அதே வரி.

கல்யாணப் பதிவுச் சான்றிதழ் கிழவரின் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு மறுபடி சாணக்யபுரிக்குப் போனேன். அதே பெண்மணி. இந்தத் தடவை அவர் கேட்டதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. மனைவி பெயர், எப்படி இறந்தார், மாமனாருக்கு என்ன வயது, அவரை எத்தனை நாளைக்கு ஒரு முறை பார்க்கிறார், எல்லாம். சான்றிதழைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவர் சொன்னால் செய்வார்," என்று தனக்குள் சொல்லிக்கொள்வது போல் சொன்னார். படிப்பு முடிந்ததும் திரும்பி வருவீர்களா என்று கடைசியாகக் கேட்டார். வருவேன் என்றேன். அந்த நிமிஷத்தில் அது உண்மைதான்.

புறப்பட இருந்த ஆறு வாரமும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பெரியம்மா சமைப்பாரா? சாம்பார் பிடிக்குமா? உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்? 'சமைப்பா.' 'பிடிக்காது.' 'மதராஸி சாஹப்னு.' கடைசிப் பதிலைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது. ஐம்பத்தைந்து வயது மனுஷர். இரண்டு வருஷத்தை வீணாக்கிவிட்டேனே என்று எனக்கு அப்போது தோன்றத் தொடங்கியது.

அம்மாவிடம் சொல்லலாமா என்றும் கேட்டேன். "நான் சொல்லுதேன்," என்றார். அதை நம்பி நான் அம்மாவுக்கு எழுதவில்லை.

பாலம் விமான நிலையத்தில் என் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, உள்ளே விடாத இடம் வரைக்கும் வந்து நின்றார். போய்ட்டு வாரேன் பெரியப்பா என்றேன். சரி என்றார். அது கேள்வி இல்லையே, வேறு என்ன சொல்வார்.

முதல் வருஷம் நான் எழுதின கடிதமெல்லாம் கேள்விகள்தான். அவற்றுக்கு எண் போட்டு அனுப்புவேன். அவரும் எண் போட்டுப் பதில் எழுதுவார். '1. வந்தது. 2. பல் பிடுங்கியாகிவிட்டது. 3. கிழவர் நலம். 4. கீழ் வீட்டார் மாற்றலாகிவிட்டார்கள். 5. கேள்வி எழவில்லை.' ஐந்தாவதாக நான் கேட்டது, தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறதா என்று. பணம் மாதா மாதம் ஒரு நாள் தப்பாமல் வந்தது.

இரண்டாம் வருஷம் எனக்குச் சம்பளம் வரத் தொடங்கியது. இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதினேன். ஆராய்ச்சி, வகுப்பு எடுப்பது, குளிர், கார் ஓட்டப் பழகுவது. கேள்விகள் பத்திலிருந்து மூன்றாயின. அப்புறம் என் சேதிகளை மட்டும் எழுதினேன். பெரிய பெரிய கடிதமாகத்தான் எழுதினேன், ஆனால் எல்லாம் என்னைப் பற்றி. அதற்கு அவரிடமிருந்து வருவது ஒரே வரி. 'உன் கடிதம் கிடைத்தது.' அந்த வரியைப் படித்துவிட்டு, பெரியப்பா மாறவே மாட்டார் என்று சிரித்துக்கொண்டு உறைக்குள் வைத்துவிடுவேன்.

நாலாம் வருஷம் அம்மாவின் கடிதம் வந்தது. பெரியப்பா காலமாகிவிட்டார். ஆபீசுக்குக் கிளம்பிப் படியிறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதய நோயென்று ஒரு வருஷமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். ஊரிலிருந்து யாரும் போய்ச் சேர முடியவில்லை. 'நம்ம மனுஷங்க ஒருத்தரும் இல்லை. கொள்ளி வச்சது யாரோ ஒரு பஞ்சாபிக் கிழவராம். என்ன பாவமோ, சாமியாராவே வாழ்ந்து சாமியாராவே போய்ட்டார் அத்தான்' என்று அம்மா எழுதியிருந்தாள்.

அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. அம்மா எதைக் கேட்டிருப்பாள்?

அதே வாரம் இன்னொரு கடிதம் வந்தது. டெல்லி முத்திரை. உள்ளே வலமிருந்து இடமாக, உருதுவில் எழுதியிருந்தது. ஓர் எழுத்துக் கூட எனக்குத் தெரியாது. எங்கள் ஆய்வகத்தில் லாகூர்க்காரர் ஒருவர் இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் கொண்டுபோனேன். சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்து ஆங்கிலத்தில் சொன்னார்.

கிழவர் வழக்கம்போல் கேட்டிருந்தார். நன்றாக இருக்கிறாயா, அங்கே பனியாமே, கோதுமை மாவு கிடைக்கிறதா, ரொட்டி சுடத் தெரியுமா? அப்புறம் எழுதியிருந்தார். அவன் உன் கடிதங்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பையில் கொண்டுவந்து எனக்குப் படித்துக் காட்டுவான். நீ எண் போட்டு எழுதிய கடிதங்களைத்தான் மறுபடி மறுபடி படிப்பான். அதன் பிறகு வந்தவற்றை ஒரு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவான். ஏனென்று நான் கேட்டேன். இவற்றில் எனக்கு வேலை இல்லை என்றான். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, அவள் நன்றாக இருக்கிறாள் என்றான்.

லாகூர்க்காரர் அங்கே நிறுத்தி என்னைப் பார்த்தார். மேலே படியுங்கள் என்றேன்.

நீ விமானம் ஏறிய அன்று அவன் நேராக என் வீட்டுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் அவன் வந்ததே இல்லை. சாப்பிட்டான், கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் போட்டுப் படுத்துக்கொண்டான். மறுநாளும் போகவில்லை. நாலு நாள் இங்கேயிருந்தே ஆபீஸ் போய்வந்தான். நாலாம் நாள் கேட்டேன், வீட்டுக்குப் போகவில்லையா மகனே என்று.

வீட்டில் யாருமில்லை என்றான்.

நான் வருவதற்கு முன் அந்த வீட்டில் அவர் இருபது வருஷத்துக்கு மேல் தனியாகவே இருந்திருக்கிறார்.